மணலும் கொப்பியும்

தரம் ஒன்றுக்குப் புதிய பிள்ளைகள் வரும் முதல் வாரத்தில் நான் பென்சிலைக் கண்ணில் காட்டுவதில்லை. வகுப்பறையின் நடுவே பாயை விரித்து, களிமண், சிரட்டை, புளியங்கொட்டை, பாக்குமட்டை என்று பரப்பி வைப்பேன். எது எவரை இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த வாரத்து வேலை. ஆசிரியர் வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது.

சென்ற முறை வந்த பிள்ளைகளில் ஒரு மகன் பாயின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். களிமண்ணை உருட்டி அவன் முன்னால் வைத்தேன். தொடவில்லை. சற்று நேரத்தில் எழுந்து வந்து, “சேர், கொப்பி எப்ப தருவீங்க?” என்று கேட்டான். “வெளாடுங்க மகன், கொப்பி பொறகு தாரன்” என்றேன். “எழுதி முடிச்சாத்தானே வெளாட ஏலும்?” என்றான். அவனுடைய வலது நடுவிரலில் பென்சில் அழுத்திய இடம் தடித்துப் போயிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் விரலில் காய்ப்பு.

அவன் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் கீழ் இயங்கும் பாலர் பாடசாலையிலிருந்து வந்தவன். அந்தப் பாடசாலையின் பரிபாலன சபைக்கு நான் மூன்று வருடம் செயலாளராக இருந்தேன். பென்சிலையும் கொப்பியையும் அங்கே முதன்முதலில் கட்டாயமாக்கிய தீர்மானத்தை எழுதியது என் கை. ஆகவே இக்கட்டுரையை ஆய்வாளன் எழுதும் கட்டுரையாக வாசகர்கள் கொள்ளவேண்டாம். ஒரு தவறு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவன் வழியில் பொறுக்கிய சங்கதிகள் இவை.

எங்கள் ஊர் உடுநுவரையில் இருக்கிறது. பேராதனைச் சந்தியில் பஸ் ஏறினால் நெடுந்தூரம் இல்லை. பக்கத்தில் ஹந்தெஸ்ஸ. இந்தப் பெயரை இலங்கைக் கல்வி வரலாற்றில் ஒரு காலத்தில் எல்லாரும் உச்சரித்தார்கள் என்பதை நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போன பிறகுதான் அறிந்தேன். தினமும் பஸ் பலகையில் பார்த்த ஊர் பரீட்சை வினாத்தாளில் வந்து நின்றபோது சிரிப்பு வந்தது.

1930களின் தொடக்கத்தில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், எஸ். எல். பி. கப்புகொட்டுவ என்ற கல்வியாளரின் முயற்சியால் ஹந்தெஸ்ஸவில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. பாடப்புத்தகத்தை மனனம் செய்வதற்குப் பதிலாக, ஊரையே பாடமாக்குவது அதன் எண்ணம். பிள்ளைகள் தோட்டம் போட்டார்கள், கைப்பணி பழகினார்கள், ஊரின் வீடுகளையும் சுகாதாரத்தையும் கணக்கெடுத்தார்கள். கணிதமும் மொழியும் அந்த வேலைகளுக்குள்ளேயே வந்தன. திட்டம் பிற ஊர்களுக்கும் பரவியது. காந்தியடிகளின் வார்தாக் கல்வித் திட்டம் 1937இல்தான் வந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்பே நம் பக்கத்து ஊரில் இது நடந்திருக்கிறது.

ஆனால் நிலைக்கவில்லை. பெற்றோர் நினைத்தது இதுதான்: பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், நம் பிள்ளைக்கு மண்வெட்டியா? அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியாது. ஆங்கிலம் தெரிந்தவனுக்குக் கந்தோர் நாற்காலி, தெரியாதவனுக்குத் தோட்டத்துக் கூலி என்றிருந்த நாட்டில் அது நியாயமான சந்தேகம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது மக்கள் மத்திய கல்லூரியை நோக்கி ஓடினார்கள். ஹந்தெஸ்ஸவை நோக்கி ஓடவில்லை. இரண்டையும் ஆதரித்தவர் ஒரே கன்னங்கரதான். விளையாட்டும் கைவேலையும் ஏழையைக் கீழேயே வைக்கும் தந்திரம், எழுத்து மட்டுமே ஏணி என்ற எண்ணம் அன்றே நம் ஊர்களில் வேர் பிடித்துவிட்டது. எங்கள் சபைக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து, “எங்கட புள்ளகள் மண்ணுல வெளாடவா காசு கட்டுறம்?” என்று கேட்டபோது, அது தொண்ணூறு வருடத்துப் பழைய குரல் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மண்ணைப் பற்றியே கொஞ்சம் சொல்லவேண்டும். தமிழ்நாட்டிலும் மலபாரிலும் யாழ்ப்பாணத்திலும் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளை முதல் எழுத்தை மணலில் விரலால்தான் எழுதியது. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகளின் விடுதிப் பாடசாலைக்கு 1789 முதல் பொறுப்பாக இருந்த அன்ட்றூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், ஒரு நாள் குதிரையில் போகும்போது இப்படியொரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். சிறு பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்து மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமது பாடசாலையிலும் இதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்ததும் மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பாடசாலைகள் அதைக் கைக்கொண்டன. நம் திண்ணை மணல் கப்பலேறிப் போனது இவ்வாறு.

நம் ஓதப் பள்ளிகளில் மணலுக்குப் பதில் பலகை. என் மூத்தும்மா ஓதிய காலத்தில் லெப்பை மரப்பலகையில் எழுதிக்கொடுப்பாராம். பாடம் வந்ததும் அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்ததை எழுதுவார். “பலக கழுவுற அன்டக்கித்தான் எங்களுக்குப் பெருநாள்” என்பார். பலகையைக் கழுவப் போகிற சாட்டில் ஓடையில் அரை நாள் கழியும். லெப்பைக்கு அது தெரியும், தெரியாதது போல இருப்பார். பிரம்பும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் மணலுக்கும் பலகைக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. பிழை தங்காது. கையால் ஒரு தடவை, தண்ணீரால் ஒரு தடவை, போய்விடும். கொப்பியில் சிவப்பு மையால் போட்ட புள்ளடி வருடக்கடைசி வரை இருக்கும். உம்மா பார்ப்பார், வாப்பா பார்ப்பார், பக்கத்து வீட்டு மாமியும் பார்ப்பார்.

இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுமிடத்தில், மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விடவேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பில் வருத்தினால் உள்ளம் செத்துப்போகும், அறிவு மங்கும், தப்பித்துக்கொள்ளப் பிள்ளை தந்திரம் தேடும் என்பது அவர் கருத்து. பதினோராம் நூற்றாண்டில் பிறந்து பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர் இதைச் சொன்னார். நானூறு ஐந்நூறு வருடம் கழித்தல்ல, எழுநூறு வருடம் கழித்து ஜெர்மனியில் பிரெடரிக் புரோபல் கிட்டத்தட்ட இதையே சொன்னபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1837இல் பாட் பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது பிள்ளைகளின் தோட்டம் என்று பெயரிட்டார். நூல் பந்துகளையும் மரக் கட்டைகளையும் ‘பரிசுகள்’ என்ற பெயரில் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். 1851இல் பிரஷ்ய அரசாங்கம் இவற்றைத் தடைசெய்தது. நாத்திகம், சோசலிசம் என்பன குற்றச்சாட்டு. மறுவருடம் அவர் இறந்தார். தடை 1860இல்தான் நீங்கியது. பந்து உருட்டும் பிள்ளைகளைக் கண்டு ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் புரோபலைப் படித்தோம். மூன்று மணித்தியாலம் அசையாமல் உட்கார்ந்து ‘விளையாட்டு முறைக் கல்வியின் சிறப்புகள்’ என்று பரீட்சை எழுதினோம். எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

இலங்கையில் எந்த ஊருக்குப் போய் பாலர் பாடசாலை எங்கே என்று கேட்டாலும் “மொண்டிசோரியா?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. இத்தாலிய வைத்தியரான மரியா மொண்டிசோரி, 1907 ஜனவரி 6இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தம் முதலாவது ‘பிள்ளைகளின் வீட்டை’த் திறந்தார். 1939இல் பயிற்சி நெறி நடத்தச் சென்னை அடையாறுக்கு வந்தார். வந்த இடத்தில் யுத்தம் பிடித்துக்கொண்டது. இத்தாலி எதிரி நாடானதும் அவருடைய மகன் மரியோவைத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். 1940 ஓகஸ்டில் அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளுக்குப் பரிசாக மகனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு கொடைக்கானலில் சில வருடங்கள். 1944இல் இலங்கைக்கு வந்து கொழும்பில் பயிற்சி நடத்தினார். இலங்கைப் பெண்ணான லீனா விக்ரமரத்ன அவரோடு இணைந்து பணிபுரிந்தார். நம் ஊர்களில் ‘மொண்டிசோரி’ என்ற சொல் இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்கு அந்த வருகையும் ஒரு காரணம்.

மொண்டிசோரியின் சாதனங்களுள் மணல்தாள் எழுத்து என்று ஒன்று உண்டு. வழவழப்பான பலகையில் மணல்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டியிருக்கும். பிள்ளை விரலால் அதைத் தடவும். எழுதாது, தடவும். தடவித் தடவி, ஒரு நாள் தானாகவே எழுதத் தொடங்கும். அந்த நாளை ஆசிரியை குறித்துக் கொடுப்பதில்லை. திண்ணை மணலுக்கும் இதற்கும் தொடர்பு இருந்ததா என்பது என் பேச்சல்ல. விரல் முதலில், பென்சில் பிறகு என்ற ஒழுங்கு இரண்டிலும் ஒன்றே. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிய எத்தனை இடங்களில் மணல்தாள் எழுத்து இருக்கிறது என்று வாசகர்களே தத்தம் ஊரில் எட்டிப் பார்க்கலாம்.

டில்லி ஜாமியா மில்லியாவைப் பற்றி நம் இலக்கிய வட்டத்தில் நிறையப் பேசுகிறோம். அதன் சிறுவர் பகுதியைப் பற்றிப் பேசுவதில்லை. ஸாகிர் ஹுஸைன் பெர்லினில் படித்த காலத்தில் கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்ணின் நட்பு ஏற்பட்டது. ஜாமியாவின் கனவை அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணுக்கும் அது பற்றிக்கொண்டது. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியை விட்டு டில்லிக்கே வந்துவிட்டார். சம்பளத்துக்கு வழியில்லாத ஒரு நிறுவனத்தில் சிறு பிள்ளைகளைப் பொறுப்பேற்றார். பிள்ளைகள் அவரை ‘ஆபா ஜான்’, அதாவது அன்பு ராத்தா என்றார்கள். யுத்தம் வந்ததும் ஜெர்மன்காரி என்று பிரித்தானியர் அவரையும் தடுத்து வைத்தார்கள். 1943இல் நோயுற்று இறந்தார். ஜாமியாவின் மையவாடியிலேயே அடக்கினார்கள். அங்குள்ள பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்கு இன்று அவர் பெயர். ஸாகிர் ஹுஸைன் பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதியானதை எல்லாரும் அறிவோம். வார்தாக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்தத் திட்டத்தை சேவாகிராமத்தில் வருடக்கணக்காக நடத்தியவர் ஈ. டபிள்யூ. ஆரியநாயகம், யாழ்ப்பாணத்துத் தமிழர். இப்படிப் பார்த்தால் இது தூரத்துக் கதையல்ல.

நம் கண்டியைச் சொல்லாமல் போகமுடியாது. 1838இல் இங்கே பிறந்த அறிஞர் சித்திலெப்பை, ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை 1882இல் தொடங்கியவர், கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென்றும் பாடசாலை திறந்தார். பிள்ளைகள் படிப்படியாக அரபு படிக்கப் பாடநூல் எழுதினார். சமூகத்தின் கல்வி என்றால் 1892இல் ஸாஹிராவாக மலர்ந்த கொழும்புப் பாடசாலையைச் சொல்கிறோம். சரிதான். ஆனால் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்து சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் புத்தகம் எழுதினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவருக்குப் பின் வந்த நாம் கல்லூரிகளை எண்ணினோம், பட்டதாரிகளை எண்ணினோம். மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்பது பெண்களின் வேலையாகிவிட்டது.

அரசாங்கமும் அதைத்தான் செய்தது. முன்பு பாடசாலையிலேயே பாலர் வகுப்பு இருந்தது. மூத்தவர்கள் ‘அரிவரி’ என்பார்கள். 1972 கல்விச் சீர்திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு, சேரும் வயதை ஆறாக்கினார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் வயதை மீண்டும் ஐந்தாக்கினார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள் பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், சர்வோதயம், தனியார் என்று யார் யாரோ கைகளில் விடப்பட்டார்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளுக்குப் போனது. பிள்ளை ஆசிரியைக்குச் சம்பளம் தரவேண்டிய கடமை மட்டும் யாரிடமும் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1998இல் கம்பஹாவில் தொடங்கி, 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் ஒன்று, இரண்டு வகுப்புகளில் விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று முறைகள். கீழ் வகுப்பில் விளையாட்டு அதிகம், ஐந்தாம் தரத்துக்குப் போகப்போக எழுத்து வேலை அதிகம். ஆக, அரசாங்கப் பாடசாலையில் ஐந்து வயதுப் பிள்ளை விளையாட வேண்டும். அதற்கு முந்திய வருடம் முன்பள்ளியில் நான்கு வயதில் அதே பிள்ளை சொல்வதெழுதுதல் எழுதுகிறது! படியைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். காரணம் தேடினால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வரை போகவேண்டும். அந்தப் பயம் ஐந்தாம் தரத்திலிருந்து படிப்படியாக இறங்கி, பால்குடி மறக்காத பிள்ளையின் கொப்பியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி எங்கள் பாலர் பாடசாலை.

நான் செயலாளரான போது அங்கே ஒரு ராத்தா பதினொரு வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தார். காலை ஏழே முக்காலுக்குப் பிள்ளைகள் வருவார்கள். செருப்பைச் சோடி சேர்த்து வரிசையில் வைப்பதே முதல் பாடம். இடது எது, வலது எது என்று அங்கேதான் படித்தார்கள். பின்னால் மாமரத்தடியில் செங்கல் அடுக்கிய மணல் தொட்டி. சிரட்டையில் மணல் அப்பம் சுட்டு, பூவரசம் இலையில் வைத்து, “ஒரு அப்பம் இருபது ரூவா” என்று கடை போடுவார்கள். காசுக்குப் புளியங்கொட்டை. கொடுத்து மீதி வாங்குவதில் கூட்டலும் கழித்தலும் நடந்துகொண்டிருக்கும். சண்டையும் நடக்கும். ராத்தா உடனே விலக்குப் பிடிக்கமாட்டார். தூரத்தில் நின்று, “ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க” என்பார். பத்து மணிக்குக் கை கழுவி, பிஸ்மி சொல்லி, அவித்த கடலையோ பயறோ ஒரே தட்டிலிருந்து பங்கிட்டுத் தின்பார்கள். பிறகு கதை. கதை முடியுமுன் இரண்டு பேராவது பாயில் தூங்கிப்போவார்கள். அவர்களை எழுப்பமாட்டார்.

ஒரு முறை பேராதனைப் பூங்காவுக்கு எல்லாரையும் கூட்டிப் போனோம். 1821இல் தொடங்கிய அந்தப் பெருந்தோட்டத்தில் பெற்றோர் பூக்களின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடிக்கத் துடித்தார்கள். ராத்தா நேரே பெரிய புற்றரைக்கு நடந்து, குடை விரித்தாற்போல் நிற்கும் அந்த ஜாவா அத்தியின் கீழே பிள்ளைகளை விட்டுவிட்டார். ஒன்றரை மணித்தியாலம். மேலெழுந்த வேர்களில் ஏறினார்கள், சறுக்கினார்கள், விழுந்த இலைகளைப் பெரிசு சிறிசாக அடுக்கினார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒரு தாய் என்னிடம், “சேர், ஒரு மரத்தப் பாக்கவா இவ்வளவு காசு?” என்றார். நானும் தலையாட்டினேன் என்பது நினைவிருக்கிறது.

அந்த வருடம் பக்கத்தில் தனியார் நேசரி ஒன்று திறந்தார்கள். வருட இறுதியில் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு நடத்தினார்கள். நான்கு வயதில் பட்டம். ஆங்கிலத்தில் கிழமை நாட்களை ஒப்புவித்தார்கள். எங்கள் பிள்ளைகளில் ஒன்பது பேர் ஒரே மாதத்தில் அங்கே மாறிப்போனார்கள். சபை கூடியது. தகப்பன்மார் கேட்டார்கள். ஆசிரியனென்று என் முகத்தைப் பார்த்தார்கள். விளையாட்டைப் பற்றிப் பரீட்சை எழுதிப் புள்ளி வாங்கிய நான், “காலத்துக்கேற்ப மாறத்தான் வேணும்” என்றேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று கொப்பி, தினமும் ஒரு பக்கம் வீட்டு வேலை, வருட முடிவில் மதிப்பெண் பத்திரம் என்று தீர்மானம் எழுதி, ராத்தாவின் கையில் கொடுத்தேன்.

அவர் வாசித்துவிட்டு, “சேர், இந்தப் புள்ளகளுட வெரல் எலும்பு இன்னம் பிஞ்சு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாத முடிவில் நின்றுகொண்டார். பதினொரு வருடத்துக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

அவர் சொன்னது சரி. மணிக்கட்டின் சிற்றெலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகி வர வருடங்கள் ஆகும். பென்சிலைப் பிடிக்கும் வலிமை, களிமண் பிசைந்தும் மணல் அள்ளியும் வருகிற வலிமை. கலாசாலையில் இதையும் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

ராத்தா போனபின் மணல் தொட்டியில் பூனை படுக்கிறதென்று அதை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்துக்கு சீமெந்து போட்டு, பெற்றோரின் ஓட்டோக்களை நிறுத்த வசதி செய்யவேண்டும் என்று சபையில் ஒரு பிரேரணை. வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் கூட்டம். நான் இப்போது சபையில் இல்லை, ஊர்வாசியாக எழுந்து பேசலாம். காய்ப்பு விரல் மகன் இரண்டாம் தவணையில்தான் முதன்முதலாகக் களிமண்ணைத் தொட்டான். அவன் செய்த முதல் பொருள் ஒரு பென்சில். அது என் மேசையில் இருக்கிறது, அதைக் கொண்டுபோவேன். மணலுக்கு கெலிஓயாவில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ராத்தாவின் வீட்டுக்குத்தான் இன்னும் போகவில்லை.